இன்டர்நெட் ஏலத்தில் விற்கப் போகிறீர்களா? முதலில் பொருளை எடை போடுங்கள்

ஏலம் என்பது நமக்குப் புதிதல்ல. கோயில் தோப்புத் தேங்காய் ஏலம், ஏரி மீன் ஏலம், அடகுக்கடை நகை ஏலம் என்று எல்லாம் பார்த்திருக்கிறோம். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று குரல் கொடுத்து முடிப்பார்கள். ஏலச்சீட்டு கட்டாத வீடும் குறைவு. இதே ஏலத்தை இன்டர்நெட்டில் நடத்துவதுதான் ஆன்லைன் ஏலம். உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் பழைய கேமரா, இசைத்தட்டு, தபால்தலை, பட்டுப்புடவை போன்றவற்றை உலகின் எந்த மூலையில் இருப்பவரும் விலை கேட்கலாம்.

ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. தோப்பு ஏலத்துக்கு வருகிறவர் காயைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார். இன்டர்நெட் ஏலத்தில் கேட்பவரால் பொருளைத் தொட முடியாது. நீங்கள் காட்டும் போட்டோவும் எழுதும் நாலு வரியும்தான் அவருக்குத் தெரியும். புதிதாக விற்பவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கம்ப்யூட்டர் தெரியாததால் அல்ல, கையில் இருக்கும் பொருளைப் பற்றித் தெரியாமலே ஏலத்தில் போட்டுவிடுவதால்.

நான் இருப்பது காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூரில். பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் என்பதால் படிப்பு முடித்துக் கிளம்பும் மாணவர்கள் லேப்டாப், கால்குலேட்டர், புத்தகம் என்று விற்க வழி கேட்பார்கள். நெசவு செய்யும் குடும்பங்களில் இருந்து பழைய பட்டுப்புடவைகளைக் கொண்டு வருவார்கள். இவர்களுக்கு லிஸ்டிங் போட்டுக் கொடுப்பது எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. அதில் பார்த்தவற்றை வைத்தே இதை எழுதுகிறேன்.

எங்கே விற்பது?

இந்தியாவில் ஆன்லைன் ஏலத்தைப் பரப்பிய வெப்சைட் பாஸி டாட் காம். 2000ல் மும்பையில் தொடங்கப்பட்டது. 2004ல் அமெரிக்காவின் ஈபே நிறுவனம் சுமார் 5 கோடி டாலருக்கு அதை வாங்கி, பிறகு ஈபே இந்தியா என்று பெயர் மாற்றியது. அதில் பைசாபே என்றொரு நல்ல வசதி இருந்தது. வாங்குபவர் கட்டும் பணத்தை நடுவில் நிறுத்தி வைத்து, பொருள் போய்ச் சேர்ந்த பிறகு விற்றவருக்குத் தருவார்கள். 2017ல் ஈபே இந்தியா பிளிப்கார்ட்டின் கைக்குப் போனது. 2018 ஆகஸ்ட் 14 அன்று அந்த வெப்சைட் மூடப்பட்டது.

எனவே இன்று இந்தியருக்கு இந்தியர் பொதுவான பொருட்களை ஏலம் விடப் பெரிய வெப்சைட் ஏதும் கிடையாது. ஓஎல்எக்ஸ், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்றவை விளம்பரப் பலகைகள்தான், ஏலம் அல்ல. நாணயம், தபால்தலை என்றால் மும்பை டோடிவாலா, பெங்களூரு மருதர் ஆர்ட்ஸ் போன்ற ஏல நிறுவனங்கள் இருக்கின்றன. பேஸ்புக், வாட்ஸ்ஆப் குழுக்களிலும் ஏலம் நடக்கிறது. ஆனால் அங்கே பணத்துக்கு உத்தரவாதம் குழுவை நடத்துபவரின் நல்ல குணம் மட்டும்தான். வெளிநாட்டில் இருப்பவருக்கு விற்க விரும்பினால் ஈபே டாட் காம் இன்னும் இந்திய விற்பனையாளர்களைச் சேர்த்துக்கொள்கிறது. விற்ற பணம் பயனீர் கணக்கு வழியாக உங்கள் பேங்க் கணக்குக்கு வரும். கீழே நான் சொல்பவை பெரும்பாலும் ஈபேயை மனதில் வைத்துத்தான்.

ஆரம்ப விலை என்னும் பொறி

புதியவர்கள் முதலில் தவறுவது இங்கேதான். "ஒரு டாலரில் ஆரம்பித்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் விலை ஏறும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஐபோன் போல ஆயிரம் பேர் தேடும் பொருளுக்கு அது சரி. உங்கள் பொருளை அந்த வாரத்தில் தேடுகிறவர்கள் இரண்டு பேர்தான் என்றால்?

ஈபே ஏலம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கேட்பவர் தன் உச்ச விலையைப் பதிகிறார். அது மற்றவர்களுக்குத் தெரியாது. அவருக்காகக் கம்ப்யூட்டரே தேவையான அளவு மட்டும் ஏற்றிக் கேட்கும். உதாரணமாக, உங்கள் புடவை 100 டாலரில் ஆரம்பிக்கிறது. ஒருவர் 180 டாலர் வரை தரத் தயார் என்று பதிகிறார். திரையில் 100 மட்டும்தான் தெரியும். இரண்டாவது ஆள் 140 என்று பதிந்தால் விலை 142.50 ஆகும். இரண்டாவது ஆள் வரவே இல்லையா? முதல் ஆள் மனதில் 180 இருந்தாலும் புடவை 100க்கே போய்விடும். ஒரு டாலரில் ஆரம்பித்திருந்தால் ஒரு டாலருக்கே போகும். "இவ்வளவு குறைவாக விற்க மாட்டேன்" என்று ஏலம் முடிந்த பிறகு சொல்ல முடியாது.

அதாவது, ஆரம்ப விலை என்பது ஆட்களை இழுக்கும் தூண்டில் அல்ல. ஒரே ஒரு ஆள் வந்தாலும் எந்த விலைக்குக் கொடுக்க உங்களுக்குச் சம்மதமோ அந்த விலை. ரிசர்வ் பிரைஸ் என்று ரகசியக் குறைந்தபட்ச விலை வைக்கும் வசதியும் உண்டு. அதற்குத் தனிக் கட்டணம், பொருள் விற்காவிட்டாலும் கட்ட வேண்டும். வீட்டில் இருந்து ஒன்றிரண்டு பொருள் விற்பவருக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து.

அந்தக் குறைந்தபட்ச விலையைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, ஈபேயில் உங்கள் பொருளைத் தேடி, பில்டர் பகுதியில் 'சோல்டு ஐட்டம்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். கடந்த 90 நாட்களில் உண்மையில் விற்ற விலைகள் வரும். இதைச் செய்யாமல், இப்போது லிஸ்டிங்கில் இருக்கும் விலைகளைப் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். கேட்கும் விலை யார் வேண்டுமானாலும் எழுதலாம், பத்து லட்சம் என்றுகூட. விற்ற விலைதான் விலை.

இரண்டாவது வழி காஞ்சிபுரத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. "பழைய பட்டுப்புடவை வாங்கப்படும்" என்ற போர்டைப் பார்த்திருப்பீர்கள். தெருவிலும் வந்து கேட்பார்கள். அவர்கள் வாங்குவது புடவையை அல்ல, ஜரிகையில் இருக்கும் வெள்ளியை. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. புடவையை உருக்கி வெள்ளியை எடுத்துவிடுவார்கள். அவர்கள் சொல்லும் தொகைதான் உங்கள் புடவையின் அடிமட்ட விலை. ஏலத்தின் ஆரம்ப விலை, தபால் செலவும் ஈபே கட்டணமும் போக, அதற்குக் கீழே போகவே கூடாது. ஒரே ஆளிடம் கேட்காமல் மூன்று பேரிடம் கேளுங்கள். 2025ல் வெள்ளி விலை மளமளவென்று ஏறிய பிறகு, போன வருடம் கேட்ட விலையை மனதில் வைத்திருப்பது நஷ்டம்.

மூன்று புடவைகளின் கணக்கு

எங்கள் தெருவில் தறியை நிறுத்திவிட்ட ஒரு குடும்பம். பெண்ணுக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டும். அந்த அம்மா தன் கல்யாணப் புடவையோடு சேர்த்து மூன்று பட்டுப்புடவைகளை எடுத்து வந்தார். தெருவில் வந்த வியாபாரி மூன்றுக்கும் சேர்த்து ஒரு மொத்த விலை சொல்லியிருந்தார். "இன்டர்நெட்டில் போட்டால் இதைப் போலப் பத்து மடங்கு வருமாமே தம்பி?" என்று கேட்டார். வரலாம், வராமலும் போகலாம். அது தெரிய வேண்டுமானால் முதலில் மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றேன்.

சமையலறைத் தராசில் ஒவ்வொன்றையும் எடை போட்டோம். நீளம், அகலம், பார்டர் அகலம் ஆகியவற்றை டேப் வைத்து அளந்தோம். பிறகு புடவையைத் திருப்பிப் போட்டோம். இது முக்கியம். காஞ்சிபுரம் கைத்தறியில் உடலும் பார்டரும் வேறு வேறு நிறமாக இருந்தால் அவற்றைக் கோர்வை போட்டு இணைப்பார்கள். அந்த இணைப்பு பின்பக்கம் நன்றாகத் தெரியும். முந்தானையை வேறு பாவில் பிணைப்பதற்குப் பேட்னி என்று பெயர். அந்த இடத்திலும் ஒரு கோடு போல அடையாளம் இருக்கும். விவரம் தெரிந்து வாங்குபவர் முதலில் கேட்பது பின்பக்கப் போட்டோவைத்தான். ஆனால் நான் பார்த்த லிஸ்டிங்குகளில் பாதிக்கு மேல் முன்பக்கத்தை மட்டும் ஆறு கோணத்தில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள்!

அடுத்தது ஜரிகை. முந்தானை ஓரத்தில் தொங்கும் ஒரு இழையை எடுத்து லென்ஸில் பார்த்தால், சுற்றியிருக்கும் கம்பிக்கு உள்ளே நூல் தெரியும். அசல் ஜரிகையில் உள்ளே சிவப்புச் சாயமேற்றிய பட்டு இருக்கும். உள்ளே வெள்ளையாக பாலியஸ்டர் இருந்தால் அசல் இல்லை. ஆனால் சிவப்பைப் பார்த்ததும் துள்ளிக் குதிக்க வேண்டாம். போலி ஜரிகையிலும் சிவப்பு நூல் வைக்கிறார்கள். செம்புக் கம்பியில் வெள்ளி பூசிய ஹாப் ஃபைன் ஜரிகை என்ற நடுத்தர ரகமும் உண்டு. சந்தேகம் இருந்தால் கருவியில் வைத்துச் சோதித்து விடுவது நல்லது. பட்டா என்று பார்க்க ஒரு இழையைக் கொளுத்திப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. பட்டு முடி கருகும் வாசனையோடு எரிந்து, கையால் நசுக்கினால் பொடியாகும். செயற்கை இழை உருகி மணியாகக் கெட்டிப்படும்.

சோதித்ததில் மூன்றில் இரண்டு அசல், ஒன்று ஹாப் ஃபைன். அந்த அம்மாவுக்கு அதுவரை தெரியாது. அதைக் கடையில் அசல் என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். "அப்படியே அசல்னு போட்டுடலாமே, பார்த்தா தெரியவா போவுது?" என்று அவருடைய தம்பி கேட்டார். கூடாது என்றேன். காரணம் தர்மம் மட்டும் அல்ல, கணக்கும்தான். ஈபேயில் "சொன்னபடி பொருள் இல்லை" என்று வாங்கியவர் புகார் செய்தால் பணம் அவருக்குத் திரும்பிப் போகும். அமெரிக்காவில் இருந்து புடவை திரும்பி வரும் தபால் செலவும் உங்கள் தலையில் விழும். அந்தச் செலவில் இங்கே ஒரு சாதாரணப் பட்டுப்புடவையே வாங்கலாம். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. கைத்தறி அல்லாத புடவையைக் காஞ்சிபுரம் கைத்தறிப் பட்டு என்று போடுவதும் இதே வகைப் பொய்தான்.

முடிவில் கல்யாணப் புடவை நாலு பேர் போட்டியில் வியாபாரி சொன்னதைவிட நல்ல விலைக்குப் போனது. பழைய யாளி, அன்னப்பட்சி பார்டர் வாங்கியவர்களை இழுத்திருக்கிறது. இரண்டாவது அசல் ஜரிகைப் புடவைக்கு யாருமே கேட்கவில்லை. மடிப்பில் பட்டு விட்டுப்போயிருந்தது, அதை நாங்கள் எழுதியிருந்தோம். அதை வியாபாரியிடமே கொடுத்தார். அவருக்கு வெள்ளிதானே வேண்டும், கிழிசல் பற்றிக் கவலையில்லை. ஹாப் ஃபைன் புடவையை ஏலத்தில் விடாமல் அவர் பெண்ணே வைத்துக்கொண்டாள். பத்து மடங்கு வரவில்லை. ஆனால் மூன்றையும் மொத்தமாகத் தள்ளிவிட்டிருந்தால் கிடைத்திருக்கும் பணத்தைவிடக் கணிசமாக அதிகம் கிடைத்தது. அந்த செமஸ்டர் பணம் கட்டியாகிவிட்டது.

குறையை எழுதினால் விற்குமா?

விற்கும். ஈபேயின் சொந்தக் கதையே இதற்குச் சாட்சி. 1995 செப்டம்பரில் பியர் ஒமிட்யார் என்பவர் ஆக்ஷன்வெப் என்ற பெயரில் அதைத் தொடங்கினார். அதில் விற்ற முதல் பொருள் உடைந்துபோன ஒரு லேசர் பாயின்டர். விலை 14.83 டாலர். வேலை செய்யாது என்பது தெரியுமா என்று ஒமிட்யார் கேட்டபோது, உடைந்த லேசர் பாயின்டர்களைத்தான் சேகரிக்கிறேன் என்று வாங்கியவர் சொன்னாராம்.

எனவே கறை, கிழிசல், கீறல், ஓடாத பாகம் எல்லாவற்றையும் எழுதுங்கள். அருகில் வைத்து எடுத்த போட்டோவையும் போடுங்கள். பழைய கேமராவா? ஷட்டர் விழுகிறதா, லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா? நம்மூர் ஈரக் காற்றுக்குப் பூஞ்சை இல்லாத பழைய லென்ஸ் அபூர்வம். இசைத்தட்டா? படத்தின் பெயரோடு, எக்கோ, இன்ரெகோ, எச்எம்வி என்ற கம்பெனி, லேபிளில் அச்சடித்த எண், உறை கிழிந்திருக்கிறதா, தட்டைப் போட்டுக் கேட்டீர்களா என்பதையும் எழுதுங்கள். போட்டுக் கேட்க வசதி இல்லாவிட்டால் "கேட்டுப் பார்க்கவில்லை" என்று எழுதுவதே மரியாதை.

தலைப்பில் ஈபே 80 எழுத்துக்கு மேல் இடம் தராது. அதில் "சூப்பர்", "அற்புதம்", "அரிய வாய்ப்பு" என்று எழுதி வீணாக்காதீர்கள். யாரும் "அற்புதம்" என்று தேடுவதில்லை. வெளிநாட்டில் உள்ளவர்கள் காஞ்சிபுரம் என்று ஒரு விதமாகவும் காஞ்சீவரம் என்று இன்னொரு விதமாகவும் தேடுகிறார்கள். இடம் இருந்தால் இரண்டு எழுத்துக்கூட்டலையும் சேருங்கள்.

போட்டோ பற்றி ஒரு விஷயம். பிளாஷ் போட்டால் ஜரிகை வெள்ளையாகப் பளீரென்று அடித்துவிடும், டிசைன் தெரியாது. காலை வெயில் நேராக விழாத தாழ்வாரத்தில் வைத்து எடுங்கள். மயில் கழுத்து போன்ற இரட்டை நிறப் புடவை பார்க்கும் பக்கத்தைப் பொறுத்து நிறம் மாறும். ஒரே போட்டோ போட்டால் "வேறு நிறத்தில் வந்திருக்கிறது" என்று புகார் நிச்சயம். இரண்டு பக்கம் நின்று இரண்டு போட்டோ எடுத்து, இரட்டை நிறம் என்று எழுதிவிடுங்கள். நிறத்தைக் கூட்டும் பில்டர் எதையும் தொடாதீர்கள்.

ஏலம் முடியும் நேரம்

இன்டர்நெட் ஏலத்தில் மூணு தரம் சொல்ல ஆளில்லை, கடிகாரம்தான். அனுபவசாலிகள் கடைசி சில விநாடிகளில்தான் விலை கேட்பார்கள். அந்த நேரத்தில் வாங்குபவர் விழித்திருக்க வேண்டாமா? 7 நாள் ஏலம் நீங்கள் ஆரம்பித்த அதே மணிக்கு முடியும். இங்கே மத்தியானச் சாப்பாடு முடித்து 2 மணிக்குப் போட்டால், அடுத்த வாரம் அமெரிக்காவில் நடு ராத்திரியில் முடியும். அவர்களுக்கு ஞாயிறு மாலையில் முடிய வேண்டுமானால் நமக்குத் திங்கள் காலை ஆறரை, ஏழு மணிக்குப் போட வேண்டும்.

நடுவில் விலை ஏறவில்லை என்று மச்சானையோ நண்பரையோ விட்டு விலை கேட்கச் சொல்லும் ஆசை வரும். தோப்பு ஏலத்திலேயே ஆள் வைத்து விலை ஏற்றுவது உண்டுதானே! ஈபே இதைத் தடை செய்திருக்கிறது. ஒரே வீட்டு இன்டர்நெட், ஒரே முகவரி எல்லாம் அவர்களுக்குத் தெரியும். கணக்கையே முடக்கிவிடுவார்கள். அது மட்டுமல்ல, மச்சானே ஜெயித்துவிட்டால் உங்கள் புடவைக்கு நீங்களே கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.

ஜெயித்தவர் 4 நாளில் பணம் கட்டாவிட்டால் விற்பனையை ரத்து செய்யலாம். அடுத்தபடியாகக் கேட்டவருக்கு அவர் கேட்ட விலையிலேயே 'செகண்ட் சான்ஸ் ஆஃபர்' அனுப்பலாம். இதற்காக மறுபடி ஏலம் போட்டு ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம்.

விற்கவே கூடாதவை

கோயில் ஊரில் இருப்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பூஜை அறையில் தாத்தா காலத்து வெண்கல விளக்கு, சிலை, ஓலைச்சுவடி இருக்கலாம். 1972ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட நாணயம், சிற்பம், ஓவியம், கலைப்பொருள் எல்லாம் தொல்பொருள். சுவடி போன்ற கையெழுத்துப் பிரதிகளுக்கு 75 ஆண்டுகள் போதும். தனி ஆள் இவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உள்நாட்டில் வியாபாரமாக விற்கவும் லைசென்ஸ் வேண்டும். "மிகப் பழமையானது, 150 வருடம்" என்று ஈபேயில் நீங்களே எழுதிப் போட்டால், உங்களுக்கு எதிரான சாட்சியை நீங்களே டைப் செய்து கொடுத்தது போலத்தான். தந்தம், புலி நகம், மான் கொம்பு ஆகியவற்றை விற்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

லிஸ்டிங் போட்டவர் யார் என்பது மறைவாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2004ல் பாஸி டாட் காமில் ஒரு ஆபாச வீடியோவை விற்பனைக்குப் போட்ட ஐஐடி மாணவர் கைதானார். அந்த வெப்சைட்டின் தலைமை அதிகாரியும் கைதானார்.

பணம் வரும் வழியில்

பழைய 5 ரூபாய் டிராக்டர் நோட்டு, 786 எண் நோட்டு, வைஷ்ணோ தேவி நாணயம் இருந்தால் லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று விளம்பரங்கள் வருகின்றன. நீங்கள் தொடர்பு கொண்டதும் வாங்கத் தயார் என்பார்கள். பிறகு பதிவுக் கட்டணம், வரி, ரிசர்வ் பேங்க் அனுமதிக் கட்டணம் என்று உங்களிடமே பணம் கேட்பார்கள். இப்படித் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் பேங்க் அறிக்கை வெளியிட்டது. பழைய நாணயத்துக்காக எந்தக் கட்டணமும் அது வாங்குவதில்லை. விற்பவர் முன்பணம் கட்ட வேண்டும் என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுங்கள்.

ஓஎல்எக்ஸ் போன்றவற்றில் நடக்கும் இன்னொரு மோசடி, கியூஆர் கோடு. "ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர முடியாது, பணம் அனுப்புகிறேன், இந்தக் கோடை ஸ்கேன் செய்யுங்கள்" என்பார். பேரம் கூடப் பேச மாட்டார், அதுவே சந்தேகப்பட வேண்டிய விஷயம். யுபிஐ பின் நம்பரைப் போடுவது பணம் அனுப்புவதற்கு மட்டுமே. பணம் வாங்கப் பின் தேவையே இல்லை, ஸ்கேன் செய்யவும் வேண்டாம். எங்கள் ஊரில் ஒரு மாணவர் 6,000 ரூபாய் சைக்கிளை விற்கப் போய், அதற்கு மேல் பணத்தை இழந்தார். இப்படி நடந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

ஈபேயில் ஏலம் நடக்கும்போதே "வெளியே முடித்துக்கொள்வோம், கட்டணம் மிச்சம்" என்று மெசேஜ் வரும். வெளியே போனால் ஈபேயின் பாதுகாப்பு ஒன்றும் கிடையாது. புதிய விற்பனையாளர்களின் பணத்தை ஈபே சில நாட்கள் நிறுத்தி வைக்கும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். நாளைக்கே பணம் வேண்டும் என்ற அவசரத்தில் இருப்பவருக்கு ஏலம் சரிப்படாது.

அனுப்பும் முன்

வெளிநாட்டுக்கு விற்பனையாக அனுப்ப ஐஇசி என்ற ஏற்றுமதி இறக்குமதி எண் வேண்டும். டிஜிஎஃப்டி வெப்சைட்டில் பான் கார்டு வைத்து விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். இதை ஏலம் போடுவதற்கு முன்பே வாங்கி வையுங்கள். விற்ற பிறகு தேடினால் அனுப்பும் கெடு தாண்டிவிடும்.

தபால் செலவை உத்தேசமாகப் போடுவது இன்னொரு பழக்கம். பெட்டி, துணி, டேப் எல்லாம் சேர்த்துப் பேக் செய்து எடை போட்ட பிறகு தபால் நிலையத்தில் கேட்டு எழுதுங்கள். ஈபே தன் கமிஷனைத் தபால் செலவையும் சேர்த்த மொத்தத் தொகையில்தான் கணக்கிடுகிறது. அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான பார்சலுக்கு இருந்த வரிச் சலுகை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. வரியை யார் கட்டுவது என்பதை லிஸ்டிங்கிலேயே தெளிவாக எழுதுங்கள். கஸ்டம்ஸ் படிவத்தில் "கிஃப்ட் என்று போடுங்கள்" என்று வாங்கியவர் கேட்டால் மறுத்துவிடுங்கள். மதிப்பைக் குறைத்து எழுதினால், பார்சல் தொலையும்போது அந்தக் குறைந்த மதிப்பு மட்டும்தான் உங்கள் பொருளின் விலை.

பட்டுப்புடவையை மல் துணியில் சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் உறை போட்டு, பிறகு அட்டைப் பெட்டியில் வையுங்கள். ஜரிகை மேல் அந்துருண்டை போடாதீர்கள், கறுத்துவிடும். பேக் செய்வதை, புடவையின் பின்பக்கம் தெரிய, செல்போனில் ஒரே வீடியோவாக எடுங்கள். ரசீதில் உள்ள டிராக்கிங் எண்ணை அன்றே ஈபேயில் ஏற்றுங்கள். அந்த வீடியோவையும் ரசீதையும் வாங்கியவர் ஃபீட்பேக் போடும்வரை அழிக்க வேண்டாம்.